தடி என்றால் இரு

தண்ணீர் என் மார்பளவு இருந்தது. கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் ஒரு சின்னப் படகு கவிழ்ந்து கிடந்தது. அதன் மஞ்சள் நிற அடிப்பாகம் மட்டும்தான் வெளியே தெரிந்தது. என் மகள் அந்தப் படகுக்குள் உட்கார்ந்தபடியே, தண்ணீருக்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். எனக்குக் கொடுத்திருந்த வேலை ஒன்றுதான். அவளைத் தொடாமல் நிற்க வேண்டும்.

சொல்வதற்குச் சுலபமாக இருக்கிறது, இல்லையா? நான் வேன் ஓட்டுகிறவன். பெங்களூர் சில்க் போர்டு ஜங்ஷனில் முன்னால் ஒரு ஆட்டோ, பக்கத்தில் உரசிக்கொண்டு ஒரு பஸ், நடுவில் நுழைகிற ஸ்கூட்டர் என்று எல்லாவற்றையும் சமாளித்துவிடுவேன். பிரேக், கியர், ஹாரன் என்று என் கைக்கும் காலுக்கும் எப்போதும் ஏதாவது வேலை இருக்கும். சும்மா நிற்பது என் கைகளுக்குப் பழக்கமில்லை.

இதைப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். என் மகள் பெங்களூரிலேயே பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கன்னடமும் இங்கிலீஷும்தான். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அவளைப் போன்ற பிள்ளைகளுக்கும் புரிகிற மாதிரி எழுதப் பார்க்கிறேன். பெரிய வார்த்தைகள் எனக்கே தெரியாது, அதனால் அதில் ஒன்றும் கஷ்டமில்லை.

முதலில் அந்தப் படகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் ஈஜிபுராவில் வாடகைக்கு இருக்கிறோம். நான் ஓட்டுவது ஒரு கிளப்பின் வேன். சனி, ஞாயிறுகளில் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஐடி ஆட்களை ஏற்றிக்கொண்டு ஆனேக்கல் பக்கம் போவோம். அங்கே கல் உடைத்து முடித்துவிட்டுக் கைவிட்ட குவாரி ஒன்றில் மழைத்தண்ணீர் தேங்கிப் பெரிய குளம்போல நிற்கிறது. அதில்தான் எங்கள் கயாக்குகள் இறங்கும். கயாக் என்றால் ஒரே ஆள் உட்காருகிற படகு. காலை உள்ளே நீட்டி உட்கார்ந்துகொள்ள வேண்டும். இடுப்பைச் சுற்றி ரப்பர் துணி ஒன்றை மாட்டி, அதன் விளிம்பைப் படகின் வாயில் இழுத்துப் பொருத்திவிட்டால், படகு கவிழ்ந்தாலும் உள்ளே தண்ணீர் வராது. அந்தத் துணிக்கு ஸ்கர்ட் என்று பேர். எங்களுக்கு அது பாவாடை. தாடி வைத்த டீம் லீடர் ஒருத்தர் அத்தனை பேர் முன்னாலும், "டிரைவர் அண்ணா, என் பாவாடை டைட்டா இருக்கு, பெருசா ஒண்ணு குடுங்க" என்று கேட்டிருக்கிறார்.

கையில் பிடிக்கிற துடுப்புக்கு இரண்டு முனையிலும் தட்டையான பலகை இருக்கும். அதை நான் தடி என்பேன். வேனில் எல்லாம் ஏற்றியாகிவிட்டதா என்று பார்க்கும்போது, "தடி எல்லாம் ஏறிடுச்சா?" என்றுதான் கேட்பேன். "துடுப்புப்பா" என்று மகள் திருத்துவாள். வாயில் வந்தால்தானே.

பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளும் என்னோடு குவாரிக்கு வந்தாள். விருந்தாளிகள் சாப்பிடப் போன பிறகு, கிளப்பில் கற்றுக்கொடுக்கிற மேடம் தனக்கென்று ஒரு குட்டைப் படகை இறக்கினார். அதன் மூக்கும் வாலும் தோசைக்கல் போலத் தட்டையாக இருக்கும். அங்கே ஆறும் இல்லை, அருவியும் இல்லை, தண்ணீர் அசையாமல் கிடந்தது. மேடம் படகைப் பக்கவாட்டில் சாய்த்தார். தடியை ஒருமுறை முன்னே, ஒருமுறை பின்னே போட்டார். படகின் மூக்கு தண்ணீருக்குள் போனது, வால் வானத்தைப் பார்த்து எழுந்தது. அவர் இடுப்பைத் திருப்பியதும் வால் உள்ளே, மூக்கு மேலே. மூக்கு, வால், மூக்கு, வால் என்று நின்ற இடத்திலேயே படகு சக்கரம்போலச் சுற்றியது.

மகள் கையிலிருந்த சப்பாத்தியை மறந்துவிட்டாள்.

"அப்பா, எனக்கு அது வேணும்."

"எது, படகா?"

"படகு இல்ல. அந்தப் பல்டி."

மேடத்துக்கு வயசு இருபத்தைந்து இருக்கும். சிக்கமகளூர் பக்கத்துக்காரர். தமிழ் புரியும், பேச வராது. என் கன்னடமும் அதே மாதிரிதான், புரியும், நான் வாயைத் திறந்தால் சிரிப்பார்கள். அவர் என்னை அண்ணா என்பார், என் மகளைப் 'புட்டி' என்பார். கன்னடத்தில் அது குட்டிப் பெண்ணைச் செல்லமாகக் கூப்பிடுகிற வார்த்தை. வீட்டில் வந்து சொன்னபோது என் மனைவி, "என் பொண்ணு என்ன எண்ணெய்ப் புட்டியா, மூடி போட்டு வெக்கறதுக்கு?" என்றாள்.

என் மனைவி பொம்மனஹள்ளியில் கார்மெண்ட்ஸில் வேலை செய்கிறாள். எதையும் இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்துத்தான் தையல் சரி என்பாள். அவளிடம் சம்மதம் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"தண்ணிக்குள்ள தலைகீழா தொங்கறதுக்கு ஒரு கிளாஸா? மரத்துல தொங்கினா காசு கேக்க மாட்டாங்களே."

"காசு கேக்கல. நான் அங்க வேல செய்யறதால சும்மாதான் கத்துக் குடுக்கறாங்க."

"அப்படின்னா இன்னும் மோசம்." பிறகு அவளே, "சரி, நீங்க கூட தண்ணியில நிக்கணும். அவ உங்க கைக்கு எட்டற தூரத்துலதான் இருக்கணும். எட்டாத இடத்துக்குப் போகக் கூடாது. இதுக்கு ஒத்துக்கிட்டா கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

நான் ஒத்துக்கொண்டேன். அந்த வார்த்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அப்போது தோன்றவில்லை.

முதல் சில வாரம் ஒரு அபார்ட்மெண்டின் நீச்சல் குளத்தில், பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் காலையில் பழகினாள். பல்டி போடுகிற ஆள் நூறு முறை கவிழ்வான், அதனால் முதலில் கற்க வேண்டியது கவிழ்ந்தால் எழுந்திருப்பது. படகை விட்டு வெளியே வராமல், தலைகீழாக இருந்தபடியே முன்னால் குனிந்து, தடியைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து, அதை விசிறிக்கொண்டே இடுப்பை ஒரு வெட்டு வெட்டினால் படகு நிமிரும். மூச்சு முட்டுகிறவனுக்குத் தலையை முதலில் தூக்கத்தான் தோன்றும். தூக்கினால் படகு திரும்பக் கவிழும். தலை கடைசியில்தான் வர வேண்டும்.

முடியவில்லை என்றால் இரண்டு வழி. ஒன்று, கையை மேலே நீட்டிப் படகின் அடியில் மூன்று தடவை தட்டுவது. தட்டினால் நாங்கள் ஓடிப்போய் நிமிர்த்துவோம். இன்னொன்று, பாவாடையின் முன்னால் இருக்கிற வளையத்தை இழுத்து, படகைவிட்டு வெளியே வந்து நீந்துவது.

"தட்டாம இருந்தா?" என்று நான் கேட்டேன்.

"தட்டாம இருந்தா அவ வேல செஞ்சிட்டிருக்கான்னு அர்த்தம்" என்று மேடம் சொன்னதை, எனக்குப் புரிந்திருந்தும், மகள் தமிழில் ஒருமுறை சொன்னாள். "நீ தொடக் கூடாதுப்பா. நான் கூப்பிட்டாதான் வரணும்."

குளத்தில் அவள் நன்றாகவே எழுந்தாள். மூன்று முறைக்கு இரண்டு முறை. பிறகு குவாரிக்குப் போனோம். அங்கே கரை ஓரத்தில் ஒரு பாறைத் தட்டு இருக்கிறது. அதில் தண்ணீர் என் மார்பளவு நிற்கும். அதைத் தாண்டினால் ஒரேயடியாக ஆழம். பல்டியை ஆழத்தில்தான் பழக முடியும். மார்பளவுத் தண்ணீரில் மூக்கை அமுக்கினால் படகு பாறையில் இடிக்கும். ஆனால், யார் கையும் படாமல் தானாக எழத் தெரிந்தவர்களைத்தான் மேடம் ஆழத்துக்கு விடுவார். என் மகள் ஆழத்துக்குப் போக வேண்டும். அந்த ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அங்கேதான் நான் நிற்க முடியாது என்பதை என் மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

பாறைத் தட்டின் மேல் அவள் கவிழ்ந்தாள். எழுவதற்கு முதல் முயற்சி செய்தாள். படகு பாதி நிமிர்ந்தது. அவளுடைய காதும் கன்னமும் தெரிந்தன, வாய் திறந்திருந்தது. ஆனால் தலையைத் தூக்கிவிட்டாள். படகு தொப்பென்று மறுபடியும் கவிழ்ந்தது. தடியின் ஒரு முனை தண்ணீருக்கு மேலே வந்து அங்கும் இங்கும் ஆடியது. தட்டுகிற சத்தம் வரவில்லை. அவள் மூச்சு இழுத்தாளா, தண்ணீரை இழுத்தாளா? எனக்குத் தெரியவில்லை. நான் ஒரு அடி முன்னால் வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து, கொஞ்சம் தள்ளித் தன் படகிலிருந்த மேடம் உரக்கக் கத்தினார்.

"தடி! தடி! அண்ணா, தடி!"

தடி! என் கண் முன்னாலேயே ஆடிக்கொண்டிருந்தது. அது எதிலோ சிக்கிக்கொண்டது, அதை எடுத்துவிடச் சொல்கிறார் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடச் சரியில்லை, அதற்கு நேரம் ஏது? பாய்ந்து தடியின் முனையை இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுத்தேன். அவள் விடவில்லை. நான் இன்னும் பலமாக இழுத்தேன். படகு தரதரவென்று என் பக்கம் வந்து என் விலாவில் இடித்தது. பிறகு தடி மட்டும் என் கையோடு வந்துவிட்டது.

அவள் பாவாடையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தாள். இருமினாள். மூக்கிலும் வாயிலும் தண்ணீர். வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஏம்ப்பா புடுங்குன?"

"மேடம்தான் தடி தடின்னு கத்தினாங்க!"

மேடத்தின் படகு வந்து சேர்ந்தது. அவருடைய முகத்தில் ஒரு நொடி ஒன்றும் புரியாத குழப்பம். மகளுக்குத்தான் முதலில் புரிந்தது. அவளுக்கு இரண்டு மொழியும் ஒரே வாயில் இருக்கிறதல்லவா.

"அப்பா, கன்னடத்துல தடின்னா இருன்னு அர்த்தம். பொறுன்னு அர்த்தம்!"

பிள்ளைகளே, எனக்கு அது தெரியாமல் இல்லை. ஊரே ஒரு நாளைக்கு நூறு தடவை தடி தடி என்கிறது. பஸ்ஸில் இறங்குகிறவர் கண்டக்டரிடம் சொல்வது அதுதான், நான் அவசரப்பட்டு ஹாரன் அடித்தால் முன்னால் இருக்கிற ஆட்டோக்காரர் கையைக் காட்டிச் சொல்வதும் அதுதான். சாதாரண நேரத்தில் எனக்கு அது கன்னடமாகத்தான் கேட்கும். என் பிள்ளை தண்ணீருக்குள் இருந்த அந்த நேரத்தில் தமிழாகக் கேட்டுவிட்டது.

மேடம் சிரித்துவிட்டார், உடனே வாயை மூடிக்கொண்டார். மகள் சிரிக்கவில்லை.

மணிக்கட்டு வீக்கம் இரண்டு மூன்று நாளில் வடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய பிரச்சனை. அவளால் எழ முடியவில்லை. எழ முயற்சி செய்து தோற்றிருந்தால் பரவாயில்லை. கவிழ்ந்த மறுநொடியே பாவாடையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடுவாள். குளத்திலும் அப்படித்தான், குவாரியிலும் அப்படித்தான். மேடம் தன் படகின் மூக்கை அவள் கையில் கொடுத்து, அதைப் பிடித்து எழச் சொல்லிப் பார்த்தார், முதல் பாடத்திலிருந்து திரும்பத் தொடங்கிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

வேனில் திரும்பி வரும்போது, டோல் மேம்பாலத்தில் ஏறியதும் கேட்டேன்.

"தண்ணியப் பாத்து பயமா?"

"இல்ல."

"பின்ன?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள். "நீ தொடுவியா, தொட மாட்டியான்னு யோசிக்கறேன். யோசிக்கறதுக்குள்ள மூச்சு போயிடுது."

முன்னால் வழி காலியாக இருந்தும் நான் ஹாரனை அடித்தேன். அவளைக் காப்பாற்ற நிறுத்திய நானே, தண்ணீருக்குள் அவள் பார்த்துப் பயப்படுகிற ஆளாக மாறிவிட்டேன். விலகி நிற்கலாம் என்றால், கைக்கு எட்டுகிற தூரத்தில் நிற்பேன் என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த முறை குளத்துக்குப் போனபோது மேடத்திடம், "நான் ஒரு தடவ கவுந்து பாக்கறேன்" என்றேன். என் கன்னடத்தைக் கேட்டு அவருக்குச் சரியாகப் புரியவில்லை. மகள் சொன்னதும் புருவத்தைத் தூக்கினார். பெரிய படகு ஒன்றை எடுத்துவந்தோம். என் தொப்பையைத் தாண்டிப் பாவாடையைப் பொருத்த இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

"அப்பா, நான் பக்கத்துல நிக்கறேன். நீ தட்டற வரைக்கும் தொட மாட்டேன்" என்றாள் மகள்.

"தட்டினா வந்துடுவல்ல?"

"வருவேன்."

"உடனே?"

"அப்பா, மொதல்ல கவுறு."

கவிழ்ந்தேன்.

மூக்கில் தண்ணீர் ஏறியது. நெற்றிக்குள் மிளகாய் அரைத்த மாதிரி எரிந்தது. நீல டைல்ஸ் எல்லாம் தலைக்கு மேலே தெரிந்தன, ஆனால் அது தரை. மூன்று தடவை தட்ட வேண்டும் என்பதெல்லாம் ஞாபகத்தில் இல்லை, பறை அடிப்பது மாதிரி அடித்தேன். இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் புரட்டி நிமிர்த்தினார்கள். குளத்துக்கு வெளியே செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த செக்யூரிட்டிக்காரர் பைப்பைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்திருந்தார்.

"இன்னொரு தடவ" என்றேன்.

"வேணாம்பா, கண்ணெல்லாம் செவந்திருக்கு."

"இன்னொரு தடவ."

இந்த முறை மூக்குக்குக் கிளிப் மாட்டிக்கொண்டேன். உள்ளே போனதும் அசையாமல் இருந்தேன். மனசுக்குள் எண்ணத் தொடங்கினேன். காதில் ஒரே 'ம்ம்ம்' என்ற சத்தம்தான். மெதுவாக, எது மேல், எது கீழ் என்று பிடிபட ஆரம்பித்தது. வெளிச்சம் இடது பக்கம் இருக்கிறது, தடி வலது கையில் இருக்கிறது, அப்படியானால் இதைத் திருப்பி அங்கே கொண்டுபோக வேண்டும். அந்த நேரத்தில், பக்கத்தில் நின்ற மகளின் முழங்கால் தெரியாமல் படகில் இடித்தது. லேசான இடிதான். ஆனால் என் கணக்கெல்லாம் சிதறிவிட்டது. வெளிச்சம் எந்தப் பக்கம், கை எந்தப் பக்கம், ஒன்றும் தெரியவில்லை. உயிர் போகிற மாதிரி அடித்தேன். நிமிர்த்தினார்கள்.

"நான் உள்ள இருக்கறப்ப எதாவது சொன்னியா?" என்று கேட்டேன்.

"அவ்ளோ நேரமும் கத்திட்டேதான் இருந்தேன். குனி, குனின்னு. கேக்கலையா?"

ஒன்றுமே கேட்கவில்லை. அப்படியானால் அன்றைக்கு மேடம் போட்ட சத்தமும் அவளுக்குக் கேட்டிருக்காது. வெளியிலிருந்து கத்துவதெல்லாம் வெளியில் நிற்கிறவனுக்குத்தான். உள்ளே இருக்கிறவளுக்கு அவள் கணக்கு மட்டும்தான் துணை. முழங்கால் உரசியதற்கே எனக்கு அப்படி இருந்ததென்றால், இரண்டு கையால் பிடித்து இழுத்தபோது அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? அதை அவளிடம் சொன்னேன். அவள், "ம்" என்றாள். பிறகு, "உனக்கு மூக்குல ஒழுவுது, தொடச்சிக்கோ" என்றாள்.

அன்றைக்கே அவள் கவிழ்ந்து இரண்டு முறை எழுந்தாள். நான் தண்ணீரில் இல்லை. செக்யூரிட்டிக்காரருக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மணிக்கட்டு ஏன் வீங்கியது, நான் தடியை இழுத்தது, ஆழத்தில் நான் நிற்க முடியாது என்பது எல்லாம். அவள் மிஷினிலிருந்து காலை எடுக்காமல் கேட்டாள். அக்கம்பக்கத்தாருக்கு ஜாக்கெட் தைப்பது அவளுக்கு வீட்டு வேலை. ஊசி ஓடிக்கொண்டே இருந்தது.

"கைக்கு எட்டற தூரத்துல நிக்கறேன்னு யார் சொன்னது?"

"நான்தான் சொன்னேன். நான் எட்டற தூரத்துல நின்னா அவளால எழ முடியல."

"எட்டாத தூரத்துல நின்னு அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"மேடம் பக்கத்துல படகுல இருப்பாங்க."

"மேடம் பெத்தாங்களா?" மிஷின் நின்றது. "ஞாயித்துக்கிழமை நான் வரேன். என் கண்ணால பாக்கறேன். சரியில்லன்னா அதோட முடிஞ்சுது. அழுதாலும் சரி, சாப்பிடாம கெடந்தாலும் சரி."

கதவுக்குப் பின்னால் நின்று மகள் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மப்பும் மந்தாரமுமாக இருந்தது. விருந்தாளிகள் வருவதற்கு முன்பே குவாரிக்குப் போய்விட்டோம். தண்ணீர் கறுப்பாகத் தெரிந்தது, காற்றில் மேலே சின்னச் சின்ன மடிப்பு ஓடியது. என் மனைவி குவாரியின் சுவரை அண்ணாந்து பார்த்தாள், பிறகு தண்ணீரைப் பார்த்தாள். "எவ்ளோ ஆழம்?" என்றாள். யாருக்கும் சரியாகத் தெரியாது என்று நான் சொல்லவில்லை.

மேடமும் மகளும் அவரவர் படகில் நடுவுக்குப் போனார்கள். பாறைத் தட்டைத் தாண்டியதும் படகின் நிழல்கூடத் தண்ணீருக்குள் தெரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் கரையில் நின்றோம்.

மகள் ஒருமுறை தோளைக் குலுக்கினாள். கவிழ்ந்தாள்.

மஞ்சள் அடிப்பாகம் மட்டும் மிதந்தது. தடி பக்கவாட்டில் வந்தது, விசிறியது. படகு பாதி எழுந்தது, விழுந்தது.

"போங்க" என்றாள் மனைவி.

நான் அசையவில்லை.

"போங்கங்கறேன்! வேடிக்க பாக்கறீங்களா?" என் சட்டையைப் பிடித்து முன்னால் தள்ளினாள். நான் காலை ஊன்றி நின்றேன். கை இரண்டையும் அக்குளுக்குள் வைத்து இறுக்கிக்கொண்டேன். மேடம் தன் படகைக் கொஞ்சம் நெருக்கமாக நகர்த்தினார், ஆனால் அவர் கை அவருடைய தடியிலேயே இருந்தது.

இரண்டாவது முறையும் படகு எழுந்தது. இந்த முறை அவள் முகம் முழுசாக வெளியே வந்தது. ஒரு வாய்க் காற்றை இழுத்த சத்தம் கரைவரை கேட்டது. மறுபடியும் போய்விட்டாள்.

தட்டுகிற சத்தம் இல்லை. பாவாடையைப் பிய்க்கவும் இல்லை. மனைவி செருப்போடு தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். புடவை முழங்கால் வரை நனைந்து ஒட்டிக்கொண்டது. "அய்யோ, அய்யோ" என்று அவள் சொன்னது கத்தலாகக்கூட இல்லை, மூச்சாகத்தான் வந்தது. நான் போய் அவள் தோளைப் பிடித்தேன். அவளை நிறுத்தப் பிடித்தேனா, நான் விழாமலிருக்கப் பிடித்தேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தண்ணீரின் மேலே ஒரு நொடி எதுவுமே அசையவில்லை. அவள் உள்ளே குனிந்துகொண்டிருக்கிறாள், வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பிச் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன்.

தடி மெதுவாக மேலே வந்தது. அவசரமே இல்லாமல் வெளிப்பக்கம் விரிந்தது. முதலில் படகு நிமிர்ந்தது, பிறகு இடுப்பு, தோள், எல்லாவற்றுக்கும் கடைசியில் தலை.

இருமினாள். துப்பினாள். முடியை விலக்கினாள்.

"போதும், வந்துடு!" என்று மனைவி கத்தினாள். குவாரிச் சுவரில் பட்டு அது இரண்டாவது தடவையும் கேட்டது.

மகள் எங்கள் பக்கம் திரும்பவில்லை. மேடத்தைப் பார்த்தாள். மேடம் எதையோ சொல்லி, தடியால் இன்னும் நடுவைக் காட்டினார். மகள் படகைத் திருப்பிக்கொண்டு போனாள். நின்றாள். இடது பக்கம் சாய்ந்தாள். தடியை முன்னால் ஒரு போடு, பின்னால் ஒரு போடு. படகின் மூக்கு தண்ணீருக்குள் இறங்கியது. வால் மேலே எழுந்தது, எழுந்தது, முழுசாக எழுந்து நேராக நின்றது. என் மகள் அந்தக் கறுப்புத் தண்ணீருக்கு மேலே, கீழே பார்த்தபடி, கால்மேல் நிற்பது மாதிரி படகின் மூக்கின்மேல் நின்றாள்.

கண் சிமிட்டுகிற நேரம்தான். பிறகு தடாலென்று கவிழ்ந்தாள். இந்தத் தடவை முதல் முயற்சியிலேயே எழுந்துவிட்டாள். மேடம் அவளிடம் ஏதோ கையால் வளைத்துக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டது.

மனைவி கரையேறி ஒரு பாறையில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். புடவையின் ஓரத்தைப் பிழிந்துகொண்டே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். கூட்டிக்கொண்டு கிளம்புங்கள் என்று சொல்லியிருந்தால் கிளம்பியிருப்பேன், வாக்குக் கொடுத்தது நான்தானே.

"காதுல தண்ணி போயிருக்கும்" என்றாள். "இனிமே இங்க வரப்ப காதுக்கு வெக்கப் பஞ்சு எடுத்துட்டு வரணும். உங்களுக்கு இதெல்லாம் தோணாது."

"சரி" என்றேன்.

"அந்த மேடம் கல்யாணம் ஆனவங்களா?"

"தெரியல."

"அவங்க அம்மா எப்படித்தான் விட்டாங்களோ" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் படகு மறுபடியும் கவிழ்ந்தது. இரண்டு பேரும் எழுந்து நின்றோம்.